வெள்ளை யானைக்குத் தீனி

"அந்தம்மா என்ன சொல்றாக, தம்பி?" என்று ஆச்சி கேட்டார். நான் ஒரு பதில் சொன்னேன். போன வருடம் தை மாதம் நடந்தது இது. அன்றிலிருந்து அந்தப் பதில் எனக்குள் அடங்கவில்லை. ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவன் நான். காரைக்குடியில் பதினாறு வருடமாக மாலை வகுப்பு நடத்துகிறேன். ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால் தயங்காமல் சொல்வேன் என்று பெயர் எடுத்தவன். அன்றைக்கும் தயங்கவில்லை. தயங்காததுதான் இவ்வளவு நாள் உறுத்துகிறது.

கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊர். இங்கிலாந்திலிருந்து ஒரு கணவன் மனைவி வந்திருந்தார்கள், இருவருக்கும் எழுபது வயதிருக்கும். ஓட்டலாக மாற்றிய வீட்டில் தங்கியிருந்தவர்கள், ஆட்கள் வாழ்கிற வீடு ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். அந்த ஓட்டலில் வரவேற்பில் இருப்பவன் என் பழைய மாணவன். அவனுடைய அம்மாதான் ஆச்சி வீட்டில் சமையல். அப்படித்தான் நான் துபாஷி ஆனேன். இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. முகப்பும், முற்றத்தைச் சுற்றியிருக்கும் வளவும் நன்றாக இருந்தன. இரண்டாங்கட்டில் ஒரு பக்கம் ஓடு சரிந்து வேப்பங்கன்று முளைத்திருந்தது. வீட்டுக்குப் பதினொரு புள்ளி. கல்யாணமான ஒவ்வொரு ஆண்மகனின் குடும்பமும் ஒரு புள்ளி என்பது நகரத்தார் கணக்கு. பதினொரு புள்ளியில் பத்து சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று இருக்கிறது. ஊரில் இருப்பது எண்பதைத் தாண்டிய ஆச்சி மட்டும்.

அந்த அம்மாள் வளவில் நின்று ஒரு தேக்குத் தூணை உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவினார். எத்தனை பேர் இங்கே இருக்கிறார்கள் என்று கேட்டார். ஆச்சி ஒரு விரலைக் காட்டிச் சிரித்தார். அந்த அம்மாள் பெருமூச்சு விட்டு, பக்கத்திலிருந்த கணவரிடம் சொல்வது போலவும் ஆச்சியிடம் சொல்வது போலவும், "இட் மஸ்ட் பி எ பிட் ஆஃப் எ ஒயிட் எலிஃபண்ட், பூர் டியர்" என்றார். ஆச்சி என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "வீடு வெள்ளை யானை மாதிரி இருக்குங்கிறாங்க ஆச்சி."

ஆச்சியின் முகம் மலர்ந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. "சுந்தரமூர்த்தி நாயனாருக்குக் கயிலாயத்துலேருந்து சாமி அனுப்புனாகளே, அந்த வெள்ளை யானையா!" என்று அந்த அம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். உள்ளே குரல் கொடுத்தார். வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் வந்தன, பின்னாலேயே கவுணி அரிசி வந்தது. அந்த அம்மாள் என் பக்கம் குனிந்து ஆச்சி என்ன சொன்னார் என்று கேட்டார். வீட்டை நீங்கள் ரசித்ததில் அவருக்கு மிகவும் சந்தோஷம் என்றேன். அதுவும் முழு உண்மை இல்லை. அன்று மாலை வரை அவர்கள் இருவரும் கை கோத்தபடி வீடு முழுக்கச் சுற்றினார்கள். ஒருவர் இரங்கியதை இன்னொருவர் வாழ்த்தாக வாங்கிக்கொண்டிருந்தார், நடுவில் நான் நின்றேன்.

அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரியாமல் நான் அப்படிச் சொல்லவில்லை. வருடத்துக்கு இரண்டு தடவையாவது கரும்பலகையில் எழுதுகிற தொடர் அது. "ஒயிட் எலிஃபண்ட்: பராமரிப்புச் செலவு மிகுந்த, பயனற்ற பொருள்." என் மாணவர்களின் நோட்டுகளில் இந்த வரி இருக்கும். ஆனால் ஆச்சியின் வீட்டு வளவில், அவர் மாமனார் கட்டிய தூணடியில் நின்றுகொண்டு, உங்கள் வீடு பயனற்ற பொருள் என்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது? அரை நொடியில் நாக்கு சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிட்டுத் தப்பித்துக்கொண்டது. அது கருணையா, கோழைத்தனமா, சோம்பலா? பொறுமையாக யோசித்திருந்தால் மூன்றாவதாக ஒரு வழி இருந்திருக்கும் என்பது மட்டும் அப்போதே தெரிந்தது.

பட்டியல் ஆங்கிலம்

இதற்குப் பிறகு என் வகுப்பை நானே வெளியில் நின்று பார்ப்பது போல ஆகிவிட்டது. நாங்கள் மரபுத்தொடர்களை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம்? இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் பொருள். வங்கித் தேர்வுக்கும் அரசுத் தேர்வுக்கும் படிக்கிறவர்களுக்கு அது போதும், சரியான விடையைத் தேர்ந்தால் மதிப்பெண். ஆனால் அந்தப் பட்டியல் யார், யாரிடம், எந்த முகத்தோடு அதைச் சொல்வார்கள் என்று சொல்வதில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் விடுப்புக் கடிதம் எழுதிக் கொண்டுவந்தான். தன் தாத்தா "கிக்ட் த பக்கெட்" என்று எழுதியிருந்தான். பட்டியலின்படி அதற்குப் பொருள் 'இறந்தார்'. நான் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "உங்க தாத்தா மண்டையைப் போட்டுட்டார்னு தமிழ்ல எழுதுவியா?" என்று கேட்டேன். அவன் முகம் வெளிறிப்போனது. தாத்தா இறந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது, உண்மையிலேயே அழுதுகொண்டிருந்த பையன். 1785-இல் வந்த கொச்சைச் சொல் அகராதியிலேயே அந்தத் தொடர் இருக்கிறது. இருநூறு வருடத்துக்கும் மேலாக அது துக்க வீட்டுக்கு வெளியே நிற்கும் சொல்தான். ஆங்கிலேயக் குழந்தைக்கு இது யாரும் சொல்லாமலே தெரியும். காலமானார், தவறிட்டார், சிவபதவி அடைந்தார், மண்டையைப் போட்டான் என்பவற்றில் எது எங்கே என்று நம் வீட்டுப் பிள்ளைக்குத் தெரிவது போல.

பட்டியலின் இன்னொரு குறை, அது பழைய சரக்கு. 'பூனைகளும் நாய்களுமாக மழை பெய்கிறது' என்று எழுதாத மாணவன் இல்லை. ஜொனாதன் ஸ்விஃப்ட் 1738-இல் அச்சிட்ட உரையாடல் நூலில் அது வருகிறது. இன்றைக்கு அந்த ஊர்க்காரர்கள் வாயில் அதை நான் கேட்டதே இல்லை. நம் பக்கத்தில் மழையே அபூர்வம். நாலு பக்கக் கூரையிலிருந்தும் தண்ணீர் வளவுக்குள் விழுகிற மாதிரி வீட்டைக் கட்டி, விழுந்ததை அண்டாவில் பிடித்துவைத்த ஊர் இது. இங்கே பிறந்த பிள்ளைக்கு மழையைப் பற்றிப் பேச எத்தனையோ சொல் உண்டு, அதையெல்லாம் விட்டுவிட்டுப் பூனையையும் நாயையும் மனப்பாடம் செய்கிறான். அதே நேரம் ஆங்கிலேயர்கள் மூச்சுக்கு மூச்சு சொல்கிற சின்னத் தொடர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஓட்டலில் வேலை பார்க்கிற என் மாணவன் முதல் வாரமே ஓடிவந்தான். ஒரு விருந்தாளி "ஐயாம் அஃப்ரெய்ட் த வாட்டர் இஸ் கோல்ட்" என்றாராம். தண்ணீரைக் கண்டு எதற்குப் பயப்படுகிறார் என்று இவன் யோசித்துக்கொண்டே நின்றிருக்கிறான். அது பயமில்லை, குறை சொல்வதற்கு முன்னால் வைக்கிற ஒரு மரியாதை. நாம் 'தப்பா நெனச்சுக்காதீக' என்று ஆரம்பிக்கிறோமே, அது. 'நாட் பேட்' என்று ஓர் ஆங்கிலேயர் சொன்னால் பெரும்பாலும் அது பாராட்டு. ஒரே மொழி பேசுகிறவர்களுக்கு உள்ளேயே குழப்பம் உண்டு. கூட்டத்தில் ஒரு பொருளை 'டேபிள்' செய்வோம் என்று பிரிட்டனில் சொன்னால் இப்போதே பேச எடுப்போம் என்று பொருள், அமெரிக்காவில் தள்ளிவைப்போம் என்று பொருள்.

சரியாக வந்த வகுப்புகளும் உண்டு. அவையெல்லாம் நம் ஊர்ச் சொல்லில் தொடங்கியவை. வணிகவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு 'பாங்க்ரப்ட்' என்ற சொல்லை எடுத்தேன். இத்தாலியில் பணம் மாற்றுகிறவர்கள் பலகை போட்டு உட்காருவார்கள். பலகைக்கு அவர்கள் மொழியில் 'பாங்கா'. பாங்கி, பேங்க் எல்லாம் அதிலிருந்து வந்தவை. 'பாங்கா ரொட்டா', உடைந்த பலகை, ஆங்கிலத்துக்குப் போய் பாங்க்ரப்ட் ஆனது. சொல்லி முடிப்பதற்குள் ஒரு பெண் எழுந்து, "எங்க ஐயா பர்மாவுல பெட்டியடியில இருந்தாகன்னு சொல்லுவாக சார், அது மாதிரியா?" என்றாள். அதே மாதிரிதான். பணப்பெட்டி இருக்கும் இடம் பெட்டியடி, அங்கேதான் கடை. அவர்கள் பலகையை வைத்துத் தொழிலுக்குப் பேர் வைத்தார்கள், நாம் பெட்டியை வைத்து. உடனே இன்னொரு பையன் 'மஞ்சக் கடுதாசி' என்றான். நொடித்துப்போனவன் கொடுப்பது நம் பக்கம் மஞ்சள் கடுதாசி. அங்கே நட்டத்தைச் சிவப்பு மையில் எழுதியதால் நட்டத்தில் ஓடும் தொழில் 'சிவப்பில்' இருக்கிறது. இந்தத் தொடர்களை அந்த வகுப்புப் பிள்ளைகள் மறக்கவே இல்லை. நான் எழுதிப்போட்டதால் இல்லை. தாத்தா வீட்டுப் பேரேடு அவர்களுக்கு ஞாபகம் வந்தது, அதனால்.

காராடும் வெள்ளாடும்

ஆச்சி வீட்டிலிருந்து திரும்பிய வாரம் நன்னூலை எடுத்தேன். பள்ளியில் படித்த தகுதி வழக்கு மூன்றும் மங்கலாக நினைவிருந்தது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. பொருள் ஒன்றாக இருக்க, இடத்துக்குத் தகுதியாக வேறு சொல்லால் சொல்வது. பவணந்தியார் இதைப் பிழை என்ற கணக்கில் வைக்கவில்லை, வழக்கு என்றே வைத்தார். மங்கலத்துக்கு உரைக்காரர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகளில் ஒன்றைப் பார்த்ததும் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். காராட்டை வெள்ளாடு என்பது மங்கலம். கறுப்பாக இருக்கும் ஆட்டைக் கறுப்பு என்று சொல்ல மனமில்லாமல் வெள்ளை என்று சொல்லி, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஆங்கிலத்தில் குடும்பத்துக்குக் கெட்ட பேர் வாங்கித் தருகிறவனுக்குக் 'கறுப்பு ஆடு' என்று பெயர். கறுப்பு உரோமத்தில் சாயம் ஏறாது, விலை போகாது, அதனால். அவர்கள் கறுப்பைச் சொல்லித் திட்டினார்கள், நாம் கறுப்பையே வெள்ளை என்று சொல்லி மறைத்துவைத்தோம். நான் அன்றைக்குச் செய்ததும் மங்கலம்தானா?

நம் வீடுகளில் இது தினமும் நடக்கிறது. விளக்கை அணை என்று யாரும் சொல்லமாட்டார்கள், குளிரவை என்பார்கள். அரிசி தீர்ந்துபோனால் நிறைஞ்சிருக்கு என்பார்கள். கிளம்புகிறவர் போறேன் என்று சொன்னால் ஆச்சிமார் விடமாட்டார்கள், போயிட்டு வாரேன் என்று சொல்லவைத்துத்தான் அனுப்புவார்கள். ஆனால் இதில் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதைத்தான் நான் அன்றைக்கு மீறினேன். அரிசி நிறைஞ்சிருக்கு என்று சொல்லும்போது கேட்கிறவருக்கும் தெரியும், பானை காலி என்று. இருவருக்கும் தெரிந்து செய்வது மங்கலம். ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் அது வேறு. ஆச்சிக்கு உண்மை தெரியாமல் நான் வெள்ளையடித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் வருடம் முழுக்க அரித்தது.

யானை வந்த வழி

வெள்ளை யானை என்ற தொடருக்கு ஆங்கில நூல்கள் ஒரு கதை சொல்கின்றன. சயாம் நாட்டு, அதாவது இன்றைய தாய்லாந்து, அரசர் தமக்குப் பிடிக்காத பிரபு ஒருவருக்கு வெள்ளை யானையைப் பரிசாகக் கொடுப்பாராம். புனித விலங்கு, வேலை வாங்கக் கூடாது. அரசர் கொடுத்தது, விற்கவும் முடியாது. தீனி போட்டே பிரபு ஓய்ந்துபோவார். கதை எப்படியோ, அந்தப் பக்கத்து அரசர்களுக்கு வெள்ளை யானை என்பது முடிக்குச் சமம் என்பது வரலாறு. 1563-இல் பர்மிய அரசர் பயின்னாங், சயாமின் அன்றைய தலைநகரான அயுத்தியாவிடம் வெள்ளை யானைகளைக் கேட்டு, மறுத்ததும் படையெடுத்தார். 1763 முதல் 1776 வரை பர்மாவை ஆண்டவரின் பட்டமே வெள்ளை யானையின் அதிபதி என்பது. சயாமின் கொடியில் இன்றைய மூவண்ணம் வருமுன், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, வெள்ளை யானைதான் நின்றது. ஆக, அந்த யானையை வைத்திருந்தவர்களுக்கு அது பெருமை, வெளியிலிருந்து பார்த்த வியாபாரிக்குத் தண்டச் செலவு. ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது வெளியாள் பார்வை. ஆச்சி கேட்டது உள்ளாள் பார்வை.

இதில் இன்னொன்று எனக்குத் தோன்றி என்னைத் தூங்கவிடவில்லை. அந்தத் தொடரும் ஆச்சியின் வீடும் ஏறக்குறைய ஒரே திசையிலிருந்து வந்தவை. அந்த அம்மாள் தடவிய தூண் பர்மாத் தேக்கு. தேக்கு என்ற நம் பக்கச் சொல்தான் போர்த்துக்கீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'டீக்' ஆனது. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நகரத்தார் தங்கித் தொழில் செய்த இடத்துக்குக் கிட்டங்கி என்று பேர். நம் கிடங்கு மலாயில் 'குடாங்' ஆகி, ஆங்கிலத்தில் 'கோடவுன்' ஆகி, இன்றைக்கு காரைக்குடிச் சந்தையில் குடோன் என்று நம்மிடமே திரும்பி நிற்கிறது. பலகையும் பெட்டியும் போலவே சொற்களும் கப்பலேறிப் போய் வந்திருக்கின்றன.

அந்தத் தூணைக் கொண்டுவந்த பணத்தின் கதையும் யானைக் கதைதான். பர்மாவில் வட்டிக்குக் கொடுத்த நகரத்தாருக்கு வேண்டியிருந்தது பணம், நிலமில்லை. உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்ததும் கடன் வாங்கியவர்களிடம் கொடுக்கப் பணமில்லை, நிலம்தான் வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் விளைநிலத்தில் 6 விழுக்காடு நகரத்தார் செட்டியார்கள் கையில் இருந்தது, 1938-க்குள் அது 25 விழுக்காடு ஆனது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது பேராசையாகத் தெரிந்தது. கையில் வைத்திருந்தவர்களுக்கு விற்க ஆளில்லாத நிலம். 1942-இல் ஜப்பானியர் வந்தபோது பலர் காட்டு வழியே நடந்து ஊர் வந்து சேர்ந்தார்கள். 1948-இல் விடுதலையான பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் கொண்டுவந்தது. ஆச்சியின் மாமனார் எழுதிவைத்த பேரேடுகள் இன்னும் இரண்டாங்கட்டு மரப்பெட்டியில் இருக்கின்றன. வரவுப் பக்கத்தில் இனி எதுவும் ஏறாத பேரேடுகள். அங்கே போன யானையை அவர் விட்டுவிட்டு வந்தார். இங்கே நின்ற யானை ஆச்சிக்கு வந்தது.

நோன்புக்கு வந்தவர்கள்

மார்கழியில் பிள்ளையார் நோன்புக்குப் பத்துப் புள்ளியும் ஊருக்கு வந்திருந்தது. 21 இழை நூல் திரித்து, மாவில் பதித்து, சுடரோடு எடுத்து வாயில் போட்டுக்கொள்கிற நோன்பு. எந்த நாட்டில் இருந்தாலும் அன்றைக்குக் கூடிவிடுவார்கள். மறுநாள் வீட்டைப் பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. ஓடு மாற்றவே எத்தனை லட்சம் ஆகும், யார் போடுவது என்று. பிரித்து விற்றுவிடலாம் என்று இரண்டு மூன்று பேர். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் போய்ப் பார்த்தால் தெரியும், ஒரு வீடு பிரிந்தால் என்ன ஆகும் என்று. நிலை ஒரு கடை வாசலில், தூண் ஒரு கடையில், எனாமல் தூக்கு ஒரு கடையில். ஆச்சி அப்போது சொன்னாராம்: "சீமையிலேருந்து வந்த அம்மா இதை வெள்ளை யானைன்னு சொல்லிட்டுப் போயிருக்காக. நீங்க பிரிக்கணுங்கிறீக." சிங்கப்பூரிலிருந்து வந்த பேரன் முறைப் பையன் மெதுவாகத்தான் சொன்னானாம்: "ஆச்சி, அது பாராட்டு இல்லை. தண்டச் செலவுக்கு இங்கிலீஷ்ல அப்படிச் சொல்லுவாக." அதற்குமேல் யாரும் பேசவில்லையாம். சமையல்காரம்மா தன் மகனிடம் சொல்ல, அவன் தை பிறந்ததும் என்னிடம் வந்து சொன்னான். சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வாரமே சாயங்காலம் ஒருநாள் போனேன். ஆச்சி முகப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் உட்காருவதற்கு முன்னால், "அன்னைக்கு நான் சொன்னது சரியில்லை ஆச்சி" என்றேன். "தெரியும், உக்காருங்க" என்றார். உட்கார்ந்து சயாம் கதையைச் சொன்னேன். அரசர் கொடுத்தது, விற்க முடியாதது, வேலைக்கு விட முடியாதது, தீனி தின்பது. அந்த நாட்டு மாதா கோயில் விழாக்களில் வீட்டில் வேண்டாத பொருளை விற்கும் கடைக்கே வெள்ளை யானைக் கடை என்று பேர் உண்டு என்பது வரை சொன்னேன். ஆச்சி குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு கேட்டார்: "இதைச் சொல்லவா தம்பி ஒரு வருஷம் ஆச்சு? யானையக் கட்டித் தீனி போடுறாப்புல இருக்குன்னு அந்தம்மா சொல்றாகன்னு சொல்லியிருந்தா எனக்கு வெளங்காதா? அதைத்தானே நானே தெனம் சொல்லிக்கிட்டிருக்கேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. யானையைக் கட்டித் தீனி போடுவது. என் அம்மா சொல்லிக் கேட்ட வார்த்தை. மூன்று மாமன்மார் வந்து ஒரு மாதம் தங்கினால் சொல்வார், பழைய அம்பாசடர் காரை வாங்கிவைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்வார். அதில் செலவும் இருக்கிறது, யானை என்ற மதிப்பும் போய்விடவில்லை. யானை வைத்திருக்கிறவன் எப்படியும் பெரிய வீட்டுக்காரன். அந்த அம்மாள் சொன்னதில் இருந்ததும் அதுதானே, வீட்டைப் பார்த்த மலைப்பும் ஆச்சியைப் பார்த்த இரக்கமும். பதினாறு வருடம் அந்தத் தொடரை எழுதிப்போட்ட எனக்கு அந்த நொடியில் என் அம்மாவின் வாய்ச்சொல் வரவில்லை. 'பயனற்ற பொருள்' என்ற நோட்டு வரிதான் வந்தது. அதைச் சொல்லக் கூசி, எழுத்தைப் பெயர்த்துவிட்டு நின்றேன். 'பூர் டியர்' என்பதை முழுக்க விழுங்கிவிட்டேன். 'பாவம்' என்ற ஒரு சொல்லாவது சொல்லியிருக்கலாம்.

ஆச்சி அதோடு விடவில்லை. "அந்தம்மா பாவப்பட்டுத்தான் சொன்னாகன்னு எனக்கு அப்பவே தெரியும். பாராட்டுறவுக தூணைத் தடவிட்டுப் பெருமூச்சு விடுவாகளா? நீங்க வெள்ளை யானைன்னீக. நல்ல சொல்லா வந்துச்சு, நான் பிடிச்சுக்கிட்டேன்."

அப்படியானால் அன்றைக்கு வளவில் நின்றவர்களில் நடப்பது தெரியாமல் நின்றவன் நான் ஒருவன்தான். நன்னூலை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வருடம் நான் தேடியதை ஆச்சி அந்த நிமிடமே செய்து முடித்திருக்கிறார். பானை காலி என்று தெரிந்துகொண்டுதான் நிறைஞ்சிருக்கு என்று வாங்கிக்கொண்டார். அது தெரியாமல், நான் அவரை ஏமாற்றிவிட்டதாக நினைத்து நானே பாரம் சுமந்தேன். இதற்காக வருத்தப்படுவதா, நிம்மதிப்படுவதா என்று இன்னும் தெரியவில்லை. என் வகுப்பில் மட்டும் ஒன்றை மாற்றிவிட்டேன். தொடருக்கு நேரே பொருளை நான் எழுதுவதில்லை. உங்கள் வீட்டில் இதை யார், எப்போது, எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டுவரச் சொல்கிறேன். போன வாரம் ஒரு பெண் தன் அப்பத்தாவிடம் கேட்டு ஏழு தொடர்களுக்கு எழுதிவந்தாள். அதில் மூன்று எனக்கே புதிது.

பேச்சு முடிந்ததும் ஆச்சி வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். வளவில் இருட்டத் தொடங்கியிருந்தது. தூண்கள் மட்டும் கொஞ்சம் மினுங்கின. "அந்தம்மாவுக்குக் கடுதாசி போடுவீகளா?" என்று கேட்டார். ஓட்டல் பையனிடம் மின்னஞ்சல் முகவரி இருக்கிறது, எழுதலாம் என்றேன். "எழுதினா நான் சொன்னேன்னு ஒண்ணு எழுதுங்க. யானை இருந்தாலும் ஆயிரம் பொன்..." என்று தொடங்கினார். மீதியைச் சொல்லவில்லை. சமையல்காரம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு நிலையைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். ஆச்சி அந்தக் கிண்ணத்தைப் பார்த்தார், தூணைப் பார்த்தார். "விளக்கு வைக்கிற நேரம்" என்று கையை ஊன்றி எழுந்தார்.

இதை எழுதிக்கொண்டே அந்தக் கடிதத்தையும் எழுதுகிறேன். யானையைக் கட்டித் தீனி போடுவதை விளக்கி ஒரு பத்தி, சுந்தரர் கதைக்கு ஒரு பத்தி. பழமொழி வருகிற இடத்தில் ஆச்சி சொன்ன பாதியை மட்டும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன். படிக்கிறவருக்கு ஏதோ விட்டுப்போனது போலத்தான் இருக்கும். மீதிப் பாதி எனக்குத் தெரியும், அதை ஆங்கிலத்தில் எழுதுவது சிரமமும் இல்லை. நான் எழுதவில்லை.